லவீனா ரீச்சரின் வாய்

லவீனாவுக்கு முதன்முதலில் சிவப்பு அட்டை காட்டியவர் அவளுடைய பங்குத் தேவாலயத்துப் பாதர். பெருநாளையொட்டிக் குருநகரில், கோயில் வளவில் நடந்த உதைபந்தாட்டத்துக்கு அவர்தான் நடுவர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆள் ஒன்று குறைந்துவிட்டதென்று அண்ணன் றஞ்சித் அவளை இழுத்துவந்து பின்வரிசையில் நிறுத்தியிருந்தான். எதிர்ப்பக்கத்தில் ஒருவன் கையால் தட்டிய பந்து கோலுக்குள் போனது. பாதர் கோல் என்று ஊதினார். லவீனா மைதானத்தின் குறுக்கே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"பாதர், பொய் சொன்னால் பாவமெண்டு ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் வைக்கிறீங்கள். இப்ப நீங்கள் ஊதினது என்ன?"

பாதரிடம் அட்டை எதுவும் இல்லை. அங்கியின் பைக்குள் கையை விட்டு, சிவப்பு மட்டை போட்ட செபப் புத்தகத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தாய் ஸ்ரெல்லாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இந்த வாயாலைதான் இவள் கெடப்போறாள்," என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

யுத்தத்தால் கடலுக்குப் போக அனுமதி கிடைக்காத வருடங்கள் அவை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. தொழிலில்லாத ஆண்கள் விடிந்ததிலிருந்து கோயில் வளவில் பந்தடித்தார்கள். ஆள் குறைந்த நேரங்களிலெல்லாம் லவீனா உள்ளே புகுந்தாள். பெரிய ஆண்களின் கால்களுக்கு நடுவே நின்று பந்தைப் பறிக்கப் பழகியவளுக்குப் பயம் என்ற ஒன்று வராமலே போய்விட்டது. அவளது பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து மட்டும்தான். யுத்தம் முடிந்த பிறகு, கழகமொன்றில் கோல் காத்த வின்சன்ற் என்பவர் வந்து பெண்கள் உதைபந்தாட்ட அணி ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் லவீனா பந்தைப் பறித்த விதத்தைப் பார்த்துவிட்டு அவர் பின்வரிசையின் நடு இடத்தை அவளுக்குக் கொடுத்தார்.

அந்த இடத்திலிருந்தே அவள் மாவட்ட அணிக்குப் போனாள், மாகாண அணிக்குப் போனாள், கடைசியில் இலங்கை அணிக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கென்று கொழும்புக்கும் போனாள். முகாமில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. அவளுக்கு விளங்கியவை பயிற்றுநரின் கைச்சைகைகள் மட்டும். அது போதுமாக இருந்தது. கடைசித் தேர்வு ஆட்டம்வரை அவள் பெயர் பட்டியலில் இருந்தது. அந்த ஆட்டத்தில் அவள் சுத்தமாகப் பறித்த பந்துக்கு நடுவர் பெனால்ற்றி கொடுத்தார். லவீனா வானத்தைப் பார்த்து, நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"பஸ் கொண்டக்டருக்கெல்லாம் விசில் குடுத்தால் இப்பிடித்தான்."

நடுவருக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். கோட்டோரம் கொடியோடு நின்ற உதவி நடுவர் தமிழ் பேசும் மூதூர்க்காரர் என்பது தெரியாது. அவர் கடமை தவறாத மனிதர். கொண்டக்டர் என்ற சொல்லைக்கூட விட்டுவிடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அடுத்த நாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அடுத்த வருடமும் அழைப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, ஒரு கழக ஆட்டத்தில் திரும்பிய திருப்பில் வலது முழங்காலில் நார் அறுந்துபோனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடக்கலாம், ஸ்கூட்டி ஓடலாம், குந்தி எழும்பத்தான் ஏலாது என்ற நிலை. "கால் போச்சு. வாயாவது மிச்சமிருக்கே எண்டு சந்தோசப்படு," என்று பிரான்சுக்குப் போய்விட்ட றஞ்சித் போனில் பகிடி விட்டான். அவள் போனை வைத்துவிட்டு ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

பிறகு பயிற்றுநர் படிப்பு. அது முடிந்த பிறகும் நீண்டநாள் காத்திருந்துதான் பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்றுநர் நியமனம் கிடைத்தது. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை. செம்மண், வெங்காயத் தோட்டம், வாழைத் தோட்டம், நடுவில் பள்ளிக்கூடம். அதிபர் நாகேஸ்வரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"பிள்ளையளுக்கு உடற்பயிற்சி நல்லதுதான். ஆனால் இஞ்சை சத்தம் கூடாது, லவீனா. எந்த நேரமும் ஏதாவது பரீட்சை நடக்கும். மற்றது, நீர் சேலையிலைதான் வரவேணும்."

"சேலையோடை எப்பிடி மேடம் பந்தடிக்கிறது?"

"பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு மாத்தும்."

ஆகவே தினமும் காலையில் லவீனா குருநகரிலிருந்து சேலை கட்டி, அதன் முந்தானை சில்லுக்குள் போகாமல் இடுப்பில் செருகி, ஸ்கூட்டியில் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள், எலும்புக்கூட்டுப் படத்துக்கு முன்னால் நின்று உடை மாற்றினாள். வெளியே வரும்போது பாதிப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போயிருப்பார்கள்.

மிச்சப் பிள்ளைகளை நினைத்தால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. வேகம் இருந்தது, மூச்சு இருந்தது, சொன்னதை உடனே பிடிக்கும் மூளையும் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் தோட்டக்கார வீடுகளில் பணிவாக வளர்ந்தவர்கள். எதிராளியின் காலில் தெரியாமல் கால் பட்டாலே பந்தை விட்டுவிட்டு நின்று, "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் எதிராளி பந்தோடு போய்க் கோலும் அடித்துவிடுவாள்.

இவர்களில் மோசமானவள் தனுஷிகா. முத்துக்குமாரு என்ற வெங்காயத் தோட்டக்காரரின் மகள். இடது காலாலும் வலது காலாலும் ஒரேமாதிரி அடிக்கக்கூடிய பிள்ளையை லவீனா அதற்கு முன் கண்டதில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் பயிற்சியில் பந்தைத் தட்டிவிட்டு, மோதிக்கொண்ட கோல் கம்பத்திடமே "சொறி" என்றது.

"அது இரும்பு!" லவீனா கத்தினாள். "இரும்புக்கு என்னத்துக்கடி சொறி?"

"பழக்கத்திலை வந்திட்டுது ரீச்சர். சொறி."

மூன்று வருடம் இப்படியே போனது. அவள் கத்தினாள், அவர்கள் "ஓம் ரீச்சர்" என்றார்கள். தொண்டைக்கு நல்லதென்று தாய் கட்டிக் கொடுத்த மல்லித் தண்ணீர்ப் போத்தல் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே முடிந்தது. ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பந்தைக் கொடுத்து வாங்கும் விதம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. யாரையும் முட்டாமல் விளையாட வேண்டுமென்றால் பந்தை ஒருவரும் எட்ட முடியாத இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். வலயத்தில் வென்றார்கள், மாவட்டத்தில் வென்றார்கள். மாகாண மட்டத்தில் அரையிறுதிக்குப் பருத்தித்துறைக்குப் போனார்கள்.

அங்கேதான் லவீனாவின் வாய் திரும்பவும் வேலையைக் காட்டியது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்க, எதிரணிப் பிள்ளை ஒருத்தி பந்தைக் கையால் நிறுத்தினாள். மைதானத்துக்குப் பின்னால் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது. நடுவர் ஊதவில்லை. லவீனா கோட்டோரம் வந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"றெபிறி ஐயா! ஆஸ்பத்திரி கிட்டத்தானே இருக்கு. விசிலை என்னட்டைத் தந்திட்டு, கண்ணை ஒருக்கால் காட்டிக்கொண்டு வாங்கோ!"

சிவப்பு அட்டை. இந்த முறை உண்மையான அட்டை. பிள்ளைகள் ஒரு கோலால் வென்றார்கள். ஆனால் இறுதி ஆட்டத்தின்போது பயிற்றுநர் மைதானத்தின் மதிலுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள்.

அதிபர் அவளைக் கூப்பிட்டார்.

"உமக்கு அந்த வாயை ஐஞ்சு நிமிசம் மூடி வைச்சிருக்க ஏலாதோ?"

"பிழை மேடம். ஆனால் அது கையிலை பட்டதுதான்."

"நான் பந்தைப் பற்றிக் கேக்கேல்லை."

அணியோடு உள்ளே இருக்கப் பாடசாலையிலிருந்து பொறுப்பான ஒருவர் வேண்டும். ஒரு ஆசிரியருக்கு வீட்டில் திவசம், ஒருவருக்கு நாரிப்பிடிப்பு, ஒருவருக்கு வெயில் ஒத்துவராது. கடைசியில் நாகேஸ்வரியே பெருமூச்சு விட்டு, தானே வருவதாகச் சொன்னார்.

"எனக்கு உந்த விளையாட்டிலை ஒண்டும் தெரியாது. நீர் வெளியிலை நிண்டு போனிலை சொல்லும். நான் பிள்ளையளுக்குச் சொல்லிவிடுறன்."

இறுதி ஆட்டம் யாழ்ப்பாண நகரில். எதிரணி கரையோரப் பாடசாலை ஒன்று. அதில் பாதிப் பேர் லவீனாவின் அயலட்டைப் பிள்ளைகள். பின்வரிசையின் நடுவில் நின்றவள் ஜெனிற்றா, ஸ்ரெல்லாவின் தமக்கையின் பேத்தி. ஸ்ரெல்லா குடையும் கையுமாக வந்து எதிரணி ஆதரவாளர்களோடு இருந்தாள். "சொந்தத்தை விட்டுக் குடுக்க ஏலுமோ?" என்று கேட்டாள் மகளிடம். மகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்க லவீனாவுக்கு நேரமிருக்கவில்லை.

முத்துக்குமாரு பெற்றோர்களை ட்ராக்டரில் ஏற்றிவந்து மதிலோரம் நிறுத்தியிருந்தார். லவீனா ட்ராக்டரின் பின்பெட்டிக்குள் ஏறி நின்றாள். மைதானத்தின் ஒரு பாதி தெரிந்தது. மற்றப் பாதியைப் பார்வையாளர் கொட்டகை மறைத்துக்கொண்டு நின்றது. முத்துக்குமாரு ட்ராக்டரின் மூஞ்சியில் ஏறி நின்றார். அங்கிருந்து முழுவதும் தெரியும். லவீனாவின் முழங்கால் அங்கே ஏற விடாது. ஆட்டம் தொடங்கியது. பந்து மறைந்த பாதிக்குப் போனது. போனது போனதுதான்.

அவள் போனைக் காதில் அழுத்தினாள்.

"மேடம், பின்னுக்கு நிக்கிறவள் நித்திரையோ எண்டு கேளுங்கோ!"

போனுக்குள் அதிபரின் குரல் கணீரென்று கேட்டது: "பின்வரிசைப் பிள்ளையள் உற்சாகமாய் இருக்க வேண்டும்!"

"மேடம், தனுஷிகாவை ஜெனிற்றாவோடை ஒட்டிக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ. அவள் இடிச்சால் இவளும் திருப்பி இடிக்கட்டும்!"

"தனுஷிகா! அந்தத் தங்கச்சிக்குப் பக்கத்திலை நில்லும் அம்மா! ஒருத்தரையும் நோகப்பண்ணக்கூடாது!"

"மேடம், நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"கருத்து அதுதானே, லவீனா."

அந்தக் கருத்தோடு பிள்ளைகள் விளையாடி, இடைவேளைக்கு முன் எதிரணியிடம் ஒரு கோல் வாங்கினார்கள். கொட்டகைக்குப் பின்னால் எழுந்த கூச்சலில் தாயின் குரல் லவீனாவுக்குத் தனியாகக் கேட்டது.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். இனித் தன் பிள்ளைகள் கோல் அடிக்க வேண்டிய இடம் மறைந்த பாதி. லவீனா பல்லைக் கடித்துக்கொண்டு போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று போனுக்குள் யாரோ "அம்மா!" என்று அலறியது கேட்டது. அதன் பிறகு வந்த அதிபரின் குரல் பிரார்த்தனைக் கூட்டத்தில் கேட்கும் குரல் அல்ல.

"நடுவர்! உதென்ன விளையாட்டு? நீர் என்ன மரக்குத்தியே? பிள்ளையின்ரை மூக்காலை ரத்தம் ஓடுது, நீர் பாத்துக்கொண்டு நிக்கிறீர்!"

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப எடுத்தாள். பதில் இல்லை.

"ஐயா, என்ன நடந்தது?" லவீனா முத்துக்குமாருவைக் கேட்டாள்.

"ஆரோ விழுந்து கிடக்கினம்," என்றார் முத்துக்குமாரு. அவசரம் என்பதை அறியாத மனிதர். பயிரோடு வாழ்ந்தவர்களுக்கு அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

"ஆர்?"

"என்ரை மகள் போலைக் கிடக்கு."

"போலையோ? வடிவாய்ப் பாருங்கோ!"

"ஓம், அவள்தான். எழும்பிட்டாள். சட்டையாலை மூக்கைத் துடைக்கிறாள்."

"றெபிறி என்ன செய்யிறார்?"

"மேடத்துக்கு ஒரு மஞ்சள் மட்டை காட்டுறார்."

லவீனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன் எடுபடவில்லை. உள்ளே போகவும் முடியாது. மூஞ்சிக்கு ஏற முழங்காலும் விடாது. தன் முப்பது வயது வாழ்க்கையில் இவ்வளவு நேரம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"பந்து போகுது," என்றார் முத்துக்குமாரு.

"எங்கை?"

"அங்காலை."

"ஆற்றை காலிலை?"

"ஒரு பிள்ளையின்ரை காலிலை. ஆ, மகள்தான். அந்த உயரமான பிள்ளை குறுக்கை வருது. மகள் தோளாலை ஒண்டு குடுத்தாள். அந்தப் பிள்ளை விழுந்திட்டுது."

"பிறகு?"

"அடிச்சாள்."

"கோலோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ!"

"பந்து உள்ளுக்கைதான் போனது. மற்றப் பிள்ளையள் துள்ளினம். ஆனால் மகள் துள்ளேல்லை. போய் விழுந்த பிள்ளையைக் கைபிடிச்சுத் தூக்கிவிடுறாள்."

லவீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்ற்றிக்குப் போனது. அதற்கும் மறைந்த பாதியில் இருந்த கோலைத்தான் தெரிந்தெடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்ரெல்லா குடையோடு மதிலுக்கு வெளியே வந்துவிட்டாள்.

"அடி லவீனா! எங்கடை ஜெனிற்றாவைத் தள்ளி விழுத்தச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

"அம்மா, முதல்லை மூக்கை உடைச்சது உங்கடை ஜெனிற்றா!"

"அவள் குழந்தை!"

"குழந்தையோ? என்னைவிட ஒரு சாண் உயரம்!"

தாயும் மகளும் மதிலடியில் நின்று பிடித்த சண்டையில் முதல் நான்கு சோடி உதைகள் எப்படிப் போயின என்பது லவீனாவுக்கு இன்றுவரை தெரியாது. முத்துக்குமாரு தொண்டையைச் செருமிய சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"கடைசி உதையாம். அந்தப் பக்கத்துப் பிள்ளை வெளியாலை அடிச்சிட்டுது. இப்ப மகள் வாறாள்." அவர் குரல்கூடக் கொஞ்சம் மாறியிருந்தது. "ஓடி வாறாள். ஐயோ, வழுக்கிட்டாள்."

"ஐயோ!"

"பந்து மெல்லமாய்ப் போகுது. கீப்பர் மற்றப் பக்கம் பாய்ஞ்சு படுத்திருக்கிறா. போகுது... போகுது... நிண்டிட்டுது."

"எங்கை நிண்டது?"

"கோட்டுக்கு அங்காலை."

"அங்காலை எண்டால் எந்தப் பக்கம் ஐயா?"

"உள்ளுக்கை."

ஆட்டம் முடிந்துவிட்டதால் அவளை உள்ளே விட்டார்கள். நாகேஸ்வரி புழுதி படிந்த சேலையோடு, கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அவளை நோக்கி வந்தார். குரல் முழுவதும் கட்டிப்போயிருந்தது.

"லவீனா," என்றார் கரகரத்து, "உந்த நடுவருக்கு ஒரு சட்டமும் தெரியாது."

பின்னேரம் முழுவதும் லவீனா சொன்ன ஒரு சொல்லும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. போன் நின்ற பிறகுதான் பிள்ளைகள் கோல் அடித்திருந்தார்கள். வென்ற சந்தோசத்துக்குள்ளே இந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது. மூக்கில் பஞ்சு செருகியபடி தனுஷிகா ஓடி வந்தாள்.

"பெனால்ற்றி அடிக்கேக்கை நிக்கிற காலை எங்கை வைக்கவேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்று லவீனா கேட்டாள்.

"ஓம் ரீச்சர்," என்று தனுஷிகா சிரித்தாள்.

லவீனா மதில் பக்கம் திரும்பி, போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் ஊற்றிக் கழுவினாள். நல்ல வெயில், முகம் கழுவுவதை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை.

தேசிய மட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். அந்த அணியில் பாதிப் பேர் அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சையென்று நின்றுவிட்டார்கள். ஒருத்தி குடும்பத்தோடு கனடாவுக்குப் போனாள். தனுஷிகா தொடர்ந்து வந்தாள். தகப்பன் அவளைத் தடுக்கவுமில்லை, "விளையாடு" என்று சொல்லவுமில்லை. பயிற்சி நாட்களில் ட்ராக்டரைப் பாடசாலை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், அவ்வளவுதான். லவீனா ஆறாம் வகுப்பிலிருந்து புதிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தாள். அவர்களும் மோதியவுடன் நின்று மன்னிப்புக் கேட்டார்கள்.

வெற்றியைக் கேள்விப்பட்டு வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் என்ன உதவி வேண்டுமென்று கேட்டார்கள். கோலுக்கு இரண்டு வலை, மைதானத்தை மட்டமாக்கக் கொஞ்ச மண் என்று லவீனா சொன்னாள். அவர்கள் கூடிக் கதைத்து, கேடயம் வைக்கக் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்து அனுப்பினார்கள். அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர்கள் கண்ணாடியில் நிறைந்திருந்ததால் உள்ளே இருந்த ஒற்றைக் கேடயத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் போட்ட சத்தத்தை முற்றத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் தகப்பன் அடைக்கலநாதன். சனிக்கிழமை பயிற்சி நேரம், தோளில் ஒரு வலைப் பொதியோடு பஸ்ஸில் மருதனார்மடத்தில் வந்து இறங்கினார். கழித்துவிட்ட மீன்வலைகளை வெட்டிப் பொருத்திக் கோலின் அளவுக்குக் கட்டியிருந்தார். கம்பத்தில் ஏறிக் கட்ட முத்துக்குமாரு ட்ராக்டரை முட்டக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் ஒரு வார்த்தைகூடக் கதைக்காமல் வேலை செய்தார்கள். லவீனாவுக்கு அதைப் பார்க்கவே பொறுமை இல்லை.

"அப்பா, இறுக்கிக் கட்டுங்கோ. தொங்கக்கூடாது."

"தொங்கினால்தான், பிள்ளை, பிடிபடும்."

"இது மீனில்லை அப்பா!"

ஆறாம் வகுப்புப் பிள்ளையொன்று முதல் பந்தை அடித்தது. பந்து வலையின் தொங்கலுக்குள் போய், சுருண்டு, சிக்கி, வெளியே வர மறுத்தது. எல்லாப் பிள்ளைகளும் பயிற்சியை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடினார்கள். நாலு மணிக்கு ரியூசன் இருக்கிறது, இருந்த ஒரே நல்ல பந்தும் வலைக்குள். லவீனா விசிலை ஊதினாள். ஒருவரும் திரும்பவில்லை.

"அப்பவே சொன்னனான்! அப்பவே சொன்னனானெல்லே!"

அடைக்கலநாதன் நிலத்தில் குந்தி, பிள்ளைகளை விலக்கி, முடிச்சு முடிச்சாக வலையை விலத்திப் பந்தை வெளியே எடுத்தார். தட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

"கத்தாதை பிள்ளை. நாளைக்கு வந்து கீழாலை பாரத்துக்கு ஈயக்குண்டு கட்டிவிடுறன்."

"கோலுக்கு ஈயக்குண்டோ?" என்றாள் லவீனா. பந்தை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கோட்டுக்குத் திரும்பிப் போகும்படி கத்தினாள்.